மாலையில் உயரும் வண்டி

எங்கள் ஜீப்புக்குத் தார்ச்சாலையில் வேலை குறைவு. தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கினால், அறுவடை மிஷின்களுக்கு டீசல் கொண்டுபோவதுதான் அதன் பிழைப்பு. டயருக்குப் பதிலாகச் செயினில் ஓடும் மிஷின் ஒரு முறை வயலில் இறங்கிவிட்டால் லேசில் சாலைக்கு ஏறாது. வரப்புகளைத் தாண்டிக்கொண்டு ஒரு ஊரின் வயல்வெளியிலிருந்து அடுத்த ஊரின் வெளிக்குப் போய்விடும். டீசலும், அறுந்துபோன பெல்ட்டுக்கு மாற்றும், ஓட்டுகிறவர்களுக்குச் சோறும் அது நிற்கிற இடத்துக்கே போய்ச் சேர வேண்டும்.

மிஷின்கள் கூத்தாநல்லூர் பாய் ஒருவருடையவை. வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து மிஷின் வாங்கி விட்டிருக்கிறார். டீசல் கொண்டுபோவது என் வேலை. சோறு ஆக்குவது என் மனைவியின் வேலை. விடியும்போது நான் பங்க்குக்குப் போய்க் கேன்களை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். அவள் குழம்பையும் சோற்றையும் கட்டி வைத்திருப்பாள். பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்புவோம்.

அவள் சும்மா கூட வருகிறவள் இல்லை. எனக்குப் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்பதாலா, பிறவியிலேயே அப்படியா என்று தெரியவில்லை. நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் வாய் உலர்ந்துவிடும். எந்த வயலில் மிஷின் முதலில் இறங்குவது, எத்தனை மணி நேரம் ஓடியது, யார் வயலில் ஈரம் காயவில்லை என்ற பேச்சையெல்லாம் பேசுகிறவள் அவள்தான். நான் கேனைச் சாய்த்து டீசல் ஊற்றிக்கொண்டிருப்பேன்.

அவளுக்குச் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. தொடையைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பாள். பஸ்ஸில் ஏறுவது அவளுக்குப் பிடிக்காது. கண்டக்டர் விசில் ஊதுவார், பின்னால் நிற்பவர்கள் இரக்கப்பட்டு இடுப்பைப் பிடித்துத் தள்ளுவார்கள். ஜீப்பில் அந்தத் தொல்லை இல்லை. இடது தொடையை ஒரு கையால் ஊன்றி நிறுத்துவாள், வலது காலைப் படியில் வைப்பாள், இன்னொரு கையால் முன்னாலிருக்கும் கம்பியைப் பிடித்து ஒரே வீச்சில் எழும்பி உள்ளே உட்கார்ந்துவிடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் ஒரு முறைகூட அவளைக் கைகொடுத்து ஏற்றியதில்லை. அவள் கேட்டதும் இல்லை.

போன வருஷ அறுப்பில் ஜீப் பல முறை மாட்டிக்கொண்டது. எங்கள் பக்கத்து வயல்வழிகளில் டிராக்டர் சக்கரம் இரண்டு ஓரத்தையும் பள்ளமாக்கிவிடும், நடுவில் ஒரு மேடு கூரையின் முகடு மாதிரி நீண்டு கிடக்கும். கேன்களின் பாரத்தில் பழைய ஸ்பிரிங் பட்டைகள் தட்டையாகிவிட, ஜீப்பின் வயிறு அந்த மேட்டில் உட்கார்ந்துவிடும். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டிதான். ஆனால் வயிறு தரையில் படிந்த பிறகு எந்தச் சக்கரம் இழுத்து என்ன? ஒரு நாள் மிஷின் டீசல் இல்லாமல் நடு வயலில் நிற்க, நான் மண்வெட்டியோடு வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். அன்று சாயங்காலம் மழை வந்து, அறுக்காமல் நின்ற பாதி வயல் சாய்ந்துவிட்டது. வயல்காரர் பாயிடம் சத்தம் போட்டார். பாய் என்னிடம் சத்தம் போடவில்லை. அடுத்த வருஷமும் இப்படி ஆனால் டிராக்டரில் டீசல் அனுப்ப வேண்டியதுதான் என்று மட்டும் என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அதனால் அறுப்புக்கு முன்பே வண்டியைத் தூக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு நாங்கள் போகிற வழிகளில் எல்லாம் நடந்து, நடுமேட்டின் உயரத்தைக் கத்தியால் கீறிக் குறித்துக்கொண்டேன். பிறகு இரண்டு பேருமாக ஜீப்பிலேயே திருச்சிக்குப் போனோம். இந்த மாதிரி வண்டிகளுக்கு மட்டும் வேலை செய்கிற கடை ஒன்று அங்கே இருந்தது.

கடைச் சுவரில் ஜீப்புகள் பாறைமேல் தொற்றிக்கொண்டு நிற்கும் படங்கள். கடைக்காரருக்கு முப்பது வயதிருக்கும். எங்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்த மலைக்கு டிரிப் போகிறோம் என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“மலையா? எங்க ஊர்ல உசரமா இருக்கறது வரப்பு ஒண்ணுதான் தம்பி,” என்றாள் என் மனைவி.

அவர் சிரித்துவிட்டு, எங்கள் வேலை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். வண்டியைத் தூக்க மூன்று வழி இருக்கிறது. அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது ஒன்று. செலவு குறைவு, அரை நாளில் முடிந்துவிடும். ஆனால் பாரத்தோடு பிரேக் பிடித்தால் பட்டை முறுக்கிக்கொள்ளும், போல்ட் தளரும். இருக்கிற பட்டைகளோடு புதிதாக ஒரு பட்டையைச் சேர்த்துக் கட்டுவது இரண்டாவது. லாரிப் பட்டறைகளில் அப்படித்தான் செய்வார்கள். பழைய பட்டைகள் ஓய்ந்துபோயிருப்பதால் புதியது ஒன்றே மொத்தப் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் ஒடிந்துவிடும். மூன்றாவது முழு செட். நான்கு சக்கரத்துக்கும் புதிய பட்டைக் கட்டு, அதற்கேற்ற நீளத்தில் ஷாக், போல்ட், புஷ், நீளமான பிரேக் குழாய், பின்னால் போகும் ஷாஃப்ட் கோணலாகாமல் இருக்க வைக்கும் ஆப்பு, எல்லாம் ஒன்றாக வரும்.

அந்தக் கட்டு ஒன்றைத் தரையில் வைத்துக் காட்டினார். நான் உட்கார்ந்து தடவிப் பார்த்தேன். பட்டைகளின் முனைகள் மெலிந்து போகும்படி அடித்திருந்தார்கள். ஒன்றோடொன்று உரசாமல் இருக்க முனைகளுக்கு நடுவில் வழுவழுப்பான வில்லைகள். எங்கள் வண்டியில் இருந்தவை வெறும் வெட்டு முனைகள், துருவேறி ஒட்டிக் கிடந்தவை. பார்த்ததுமே எனக்கு இதுதான் என்று ஆகிவிட்டது.

எவ்வளவு தூக்கலாம் என்பதில்தான் நேரம் போனது. நான் நாலு இன்ச் வேண்டும் என்று நினைத்துப் போயிருந்தேன். பட்டை எவ்வளவு தூக்கினாலும் வண்டியின் உடம்புதான் உயரும், அச்சின் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் குண்டு உயராது, அதற்கு டயரைத்தான் பெரிதாக்க வேண்டும் என்று அவர் சொன்னார். எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, குச்சியைக் குண்டுக்கு நேராக வைத்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. பட்டையில் இரண்டு இன்ச், டயரில் ஒரு இன்ச் என்று முடிவாயிற்று.

“அப்ப படி எவ்வளவு ஏறும்?” என்று கேட்டாள் என் மனைவி.

மூன்று இன்ச் என்றார் அவர். அவள் ஜீப் பக்கத்தில் போய் நின்று, படிக்கு மேலே விரல்களைச் சேர்த்து வைத்து அளந்து பார்த்தாள். கடைக்காரர் அப்போதுதான் அவள் காலைக் கவனித்தார். கீழே தொங்குகிற மாதிரி இன்னொரு படி வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்றார். வரப்பில் ஏறினால் முதலில் பிய்ந்து போவது அதுதான் என்று நான் மெதுவாகச் சொன்னேன். அந்தக் கடையில் நான் சொன்ன முதல் வாக்கியம் அது. அப்படியானால் ஒரு ஸ்டூலை வண்டியில் போட்டுக்கொள்ளலாமே என்றார்.

“ஸ்டூல் போட்டு ஏத்தறதுக்கு நான் என்ன தம்பி, வாகனத்துல புறப்படற அம்மனா?” என்றாள்.

சேற்றில் ஸ்டூல் கால் இறங்கிவிடும் என்பதையும் அவளே சொன்னாள். ஆனால் அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஸ்டூலை ஒருவர் போட வேண்டும், ஒருவர் எடுக்க வேண்டும்.

எப்போதும் எவ்வளவு பாரம் இருக்கும் என்று அவர் கேட்டார். அவளே கணக்குச் சொன்னாள்: கேன்கள், சோற்றுப் பாத்திரம், டூல் பெட்டி, நாங்கள் இரண்டு பேர். அப்படியென்றால் கனத்த பட்டை செட்தான் சரி, அவ்வளவு பாரம் மேலே இருக்கும்போதும் இரண்டு இன்ச் தூக்கியே நிற்கும் என்றார். நாங்கள் தலையாட்டினோம்.

பூட்டி முடித்ததும், ஊருக்குத் திரும்பும் வழியில் பங்க்கில் எல்லாக் கேன்களையும் நிரப்பினோம். பாரத்தோடு ஏறிப் பார்த்தால்தானே தெரியும் என்று அவள் சொல்லியிருந்தாள். இறங்கி நின்று, தொடையை ஊன்றி, காலைப் படியில் வைத்து எழும்பினாள். முன்னைவிடக் கொஞ்சம் தம் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் ஏறிவிட்டாள். இரண்டு முறை இறங்கி ஏறிப் பார்த்தாள். பங்க்கில் நின்றவர்கள், இந்த அம்மா ஏன் இப்படி ஏறி ஏறி இறங்குகிறாள் என்று பார்த்தார்கள்.

அறுப்பு தொடங்கியது. முதல் நாள் காலை, போன வருஷம் நான் படுத்துக் கிடந்த அதே வழியில் வண்டியை விட்டேன். நடுமேடு வயிற்றுக்குக் கீழே சத்தமில்லாமல் போயிற்று. மேட்டிலிருந்த புல் மட்டும் உரசும் சத்தம் கேட்டது. வரப்பைக் குறுக்கே ஏறி இறங்கியபோதும் முன்போல டக்கென்று இடிக்கவில்லை. அவள் மடியிலிருந்த குழம்புத் தூக்கைப் பிடித்துக்கொண்டு, “பரவால்லயே,” என்றாள்.

மூன்று மிஷின்களுக்கும் டீசல் ஊற்றினோம். சோறு போட்டோம். ஒரு மிஷினுக்குப் பெல்ட் மாற்றினார்கள். பொழுது சாயும்போது பாத்திரங்களைக் கழுவி, காலிக் கேன்களைப் பின்னால் போட்டேன். அவள் மிஷின் டிரைவரிடம் நாளைக்கு எந்த வயல் என்று பேசி முடித்துவிட்டு ஜீப்புக்கு வந்தாள். தொடையை ஊன்றினாள். வலது காலைத் தூக்கினாள். கால் படிக்குப் போய்ச் சேரவில்லை.

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தேன். முதலில் எனக்குப் புரியவில்லை. காலையில் ஏறிய படிதான். பிறகுதான் புரிந்தது. காலையில் கேன்களின் பாரத்தில் வண்டி அமர்ந்திருந்தது. டீசலெல்லாம் மிஷின்களுக்குள் போய்விட, கனத்த பட்டைகள் வளைந்து எழும்பி வண்டியைத் தூக்கிவிட்டன. கடைக்காரர் பாரத்தோடு எவ்வளவு என்று சொன்னார், பாரம் போன பிறகு எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. நாள் முழுவதும் சேற்றில் நடந்து அவள் கால் ஓய்ந்திருந்த நேரத்தில் படி காலையைவிட நாலு விரல் உயரம் ஏறியிருந்தது.

இன்னொரு முறை முயன்றாள். மிஷின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆத்தூர்ப் பக்கத்துப் பையன்கள், நல்லவர்கள். டிரைவர் ஓடிவந்து, “அக்கா, கையக் குடுங்க,” என்றார். நானும் இறங்கப் போனேன். அத்தனை பேருக்கு நடுவில் அவளைத் தூக்கி உட்கார வைப்பதை நினைத்ததும் எனக்குக் காது சுட்டது. அவள் எங்கள் இரண்டு பேரையும் கையால் நிறுத்தினாள்.

“நீங்க வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி மதகுகிட்ட நில்லுங்க. நான் வரேன்,” என்றாள்.

வரப்பில் நடந்து வந்தாள். மதகு அரைக் கல் தொலைவு இருக்கும். நான் வண்டியைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நிறுத்திக் காத்திருந்தேன். கதிர் அறுத்த வயலுக்கு நடுவில் தொடையைப் பிடித்துப் பிடித்து அவள் வருவது கண்ணாடியில் தெரிந்தது. திரும்பிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மதகுச் சுவரில் உட்கார்ந்து, அங்கிருந்து நகர்ந்து வண்டிக்குள் வந்தாள்.

மறுநாள் சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டு, ரேஷன் கடையில் வேலை இருக்கிறது என்று நின்றுவிட்டாள். அதற்கு அடுத்த நாள் வேறு ஒரு வேலை. நானும் கேட்கவில்லை.

வண்டி எங்கேயும் மாட்டவில்லை. டீசல் நேரத்துக்குப் போனது. ஆனால் வேறு எல்லாமே மாட்டிக்கொண்டது. பக்கத்துப் பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேர், மிஷின் யார் வயலில் முதலில் இறங்குவது என்று என்னை நடுவில் வைத்துக்கொண்டு பேசினார்கள். ஒருவருடைய வயல் காய்ந்திருந்தது, இன்னொருவர் முதலில் சொல்லி வைத்தவர். இரண்டும் நியாயம். அவள் இருந்தால் சிரித்துக்கொண்டே ஏதாவது சொல்லி ஒருவரை டீ குடிக்க அனுப்பியிருப்பாள். நான் புது டயரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மிஷின் ஓடிக்கொண்டே ஒரே இடத்தில் நின்றது. பாய் போன் செய்தார். நான் விஷயத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கொஞ்ச நேரம் பொறுத்தார்.

“தங்கச்சி எங்க? போனை அவங்ககிட்ட குடுங்க,” என்றார்.

வரவில்லை என்றேன். உடம்பு சரியில்லையா என்றார். இல்லை என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் திருச்சிக் கடைக்குப் போன் செய்தேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கடைக்காரர் கேட்டுவிட்டு வருத்தப்பட்டார். பாரம் சாயங்காலம் இறங்கிவிடும் என்று தனக்குத் தோன்றவில்லை, மெல்லிய பட்டை செட் ஒன்று இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றார். காலியாக இருக்கும்போது படி தாழ்வாகத்தான் நிற்கும். ஆனால் காலையில் பாரம் ஏற்றினால் பழையபடி நடுமேட்டில் தட்டும், அது பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை, வந்து மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

அடுப்படியிலிருந்து அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“தட்டி நின்னா பாய் டிராக்டரைக் கூப்பிட்டுக்குவாரு. அப்புறம் ரெண்டு பேருமா வீட்ல உக்காந்து என்ன பண்றது?”

“நீ இல்லாம என்னால முடியல,” என்றேன்.

அவள் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போதுதான், நாளைக்கு வருகிறேன், திரும்பும்போது மதகு வரைக்கும் நடந்துகொள்கிறேன், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது என்றாள். அறுப்பு மாசிக் கடைசி வரை போகும். எல்லா வயலுக்குப் பக்கத்திலும் மதகு இருக்குமா?

மறுநாள் வந்தாள். அந்த வயல்காரர்கள் இரண்டு பேரும் அவளைப் பார்த்ததும் தாங்களே சமாதானம் ஆகிவிட்டார்கள். சாயங்காலம் கடைசியாக ஒரு சின்ன வயல், ஒரு அம்மாவுடையது. அவர் புருஷன் திருப்பூரில் வேலை பார்க்கிறார். மிஷின் கொட்டிய நெல்லில் பெரும்பகுதி கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டது. விதைக்கென்று தனியாகப் பிடித்த சில மூட்டைகளைத்தான் அவர் வரப்பில் அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். இத்தனை கொஞ்சத்துக்கு எந்த டிராக்டரும் வராது. வீடு ரோட்டோரம்தான், உங்கள் வண்டி காலியாகத்தானே போகிறது என்று என் மனைவியிடம் கேட்டார்.

நானும் மிஷின் பையன் ஒருவனும் மூட்டைகளைத் தூக்கிப் பின்னால் போட்டோம். ஒவ்வொரு மூட்டையும் விழ விழ வண்டி கொஞ்சம் அமர்ந்தது. என் மனைவி பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு மூட்டையை நடுவில் வைக்காமல், தான் ஏறுகிற இடது பக்கமாகத் தள்ளி வைக்கச் சொன்னாள். எனக்கு அப்போதும் விளங்கவில்லை. கடைசி மூட்டை விழுந்ததும் முன்பக்கம் வந்தாள். தொடையை ஊன்றினாள். காலைப் படியில் வைத்தாள், கம்பியைப் பிடித்தாள், எழும்பினாள். உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். யாரும் கவனிக்கக்கூட இல்லை. நெல்லுக்காரம்மா பின்னால் ஏறி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வண்டி மாலையில் காலியாகத் திரும்பியதில்லை. டிராக்டர் வராத அளவுக்குச் சின்ன வயல்காரர்கள் எல்லா வெளியிலும் இருந்தார்கள். காலையிலேயே என் மனைவி யாரையாவது பேசி வைத்துவிடுவாள். விதைநெல், வீட்டுச் சாப்பாட்டுக்கான நெல், சில நாள் உளுந்து மூட்டை. ஒன்றும் கிடைக்காத ஒரு நாள், மிஷின் டிரைவர் தன் ஆட்கள் நாலு பேரைப் பின்னால் ஏறச் சொன்னார். இவள் ஏறி உட்கார்ந்ததும் அவர்கள் சிரித்துக்கொண்டே குதித்து இறங்கினார்கள். அவளும் சிரித்தாள்.

மூட்டை ஏற்றிய அந்த முதல் நாள், நெல்லுக்காரம்மாவின் வீட்டில் அவற்றை இறக்கிவிட்டு வரும்போது, வண்டி மறுபடியும் உயர்ந்திருந்தது. அவள் ஏற்கனவே உள்ளே உட்கார்ந்திருந்தாள்.

“கடைக்குப் போன் போட்டு மாத்த வேணாம்னு சொல்லிடுங்க,” என்றாள்.

போனை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை.

“நீங்கதானே மாத்தறேன்னு சொன்னீங்க. நீங்களே சொல்லுங்க.”

வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போட்டேன். கடைக்காரர் எடுத்ததும், எப்போது வருகிறீர்கள், செட் எடுத்து வைத்துவிட்டேன் என்றார். இந்த முறை எதையும் சொல்லிப் பார்த்து வைத்திருக்கவில்லை. மூட்டையிலிருந்து தொடங்குவதா, டிராக்டரிலிருந்து தொடங்குவதா என்று தெரியவில்லை.

“வேணாம் தம்பி,” என்றேன். “வீட்ல ஏறிட்டாங்க.”